சும்மா இருக்கத் தெரிந்த இயந்திரம்

"மலருக்கு ஒரு கட்டுரை வேணும். எலக்ட்ரானிக்ஸ் சம்பந்தமா இருக்கலாம், ஆனா சிவில் படிச்சவனுக்கும் புரியணும். ஃபார்முலா எழுதி பயமுறுத்தாதே" என்று நம் சங்கச் செயலாளர் அண்ணன் கட்டளையிட்டுவிட்டார். தட்ட முடியுமா? மோட்டார்களுக்கு கன்ட்ரோல் போர்டு செய்வது என் பிழைப்பு. அதைப் பற்றி எழுதினால் என் மனைவிகூடப் படிக்க மாட்டாள். ஆகவே நம்மில் பலர் வீட்டுப் பெரியவர்கள் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு நடமாடுகிற ஒரு கருவியின் கதையைச் சொல்கிறேன். பேஸ்மேக்கர். இது மருத்துவக் கட்டுரை அல்ல. நான் டாக்டரும் அல்ல. ஸர்க்யூட் போடுகிறவர்கள் ஒரு உண்மையைக் கற்றுக்கொள்ள எத்தனை வருஷம் எடுத்துக்கொண்டார்கள் என்கிற சரித்திரம் இது.

இதயத்துக்குள் ஒரு ஆஸிலேட்டர்

நிமிஷத்துக்கு 70 தடவை என்று வைத்துக்கொண்டால், நம் இதயம் ஒரு நாளைக்கு 1,00,800 தடவை துடிக்கிறது. லீவு கிடையாது, ஷட்டவுன் கிடையாது. இதற்கு மணி அடிப்பவர் யார்? இதயத்தின் வலது மேல் அறைச் சுவரில் ஒரு சின்னத் திசுக்கூட்டம் இருக்கிறது. அதுதான் இயற்கை வைத்த ஆஸிலேட்டர். 1907-ல் லண்டனைச் சேர்ந்த ஆர்தர் கீத்தும் மார்ட்டின் ஃப்ளாக்கும் இதைப் பற்றி எழுதினார்கள். இதில் ஃப்ளாக் அப்போது மருத்துவ மாணவர்! மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் மோல் என்கிற சிறு பிராணியின் இதயத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது. இன்றைய மாணவ நண்பர்கள் கவனிக்க.

அங்கே பிறக்கும் மின்துடிப்பு மேல் அறைகளில் பரவி, நடுவில் ஒரு ரிலே ஸ்டேஷனுக்கு வருகிறது. இதை 1906-ல் ஜப்பானியரான சுனாவோ தவாரா விவரித்திருந்தார். அங்கே கொஞ்சம் தாமதம். மேல் அறையிலுள்ள ரத்தம் கீழே இறங்க அவகாசம் வேண்டுமல்லவா? பிறகுதான் கீழ் அறைகளுக்கு ஆர்டர் போகிறது. இந்த ரிலே கெட்டுப்போனால் மேல் அறை ஒழுங்காகத் துடித்துக்கொண்டிருக்கும், கீழ் அறைக்குச் செய்தி போய்ச் சேராது. கீழ் அறை தன் சொந்த முயற்சியில் நிமிஷத்துக்கு 30, 40 என்று இழுத்துப் பிடிக்கும். சில சமயம் அதுவும் நின்றுபோகும். ஆள் நின்ற இடத்தில் மயங்கி விழுவார். சிலர் எழுந்திருப்பார்கள், சிலர் எழுந்திருக்க மாட்டார்கள். 1950-க்கு முன்னால் இதற்கு உருப்படியான வைத்தியம் இல்லை.

சுவர் பிளக்கில் மாட்டிய உயிர்

மின்சாரத்தால் இதயத்தைத் துடிக்க வைக்கலாம் என்பது பழைய சங்கதி. 1932-ல் நியூயார்க் டாக்டர் ஆல்பர்ட் ஹைமன் ஒரு இயந்திரம் செய்தார். கிராமபோன் மாதிரி கையால் சாவி கொடுக்க வேண்டும். எடை சுமார் 7 கிலோ. ஒருமுறை சாவி கொடுத்தால் ஆறு நிமிஷம் ஓடும். "செயற்கை பேஸ்மேக்கர்" என்ற பெயரை வைத்தவர் அவர்தான். 1950-ல் கனடாவின் ஜான் ஹாப்ஸ் என்ற எலக்ட்ரிகல் இன்ஜினியர், டொரன்டோவில் பிகலோ, கலகன் என்ற இரு டாக்டர்களோடு சேர்ந்து வால்வு வைத்த ஒரு கருவி செய்தார். (பிற்காலத்தில் ஹாப்ஸுக்கே பேஸ்மேக்கர் வைக்க வேண்டி வந்தது!) 1952-ல் பாஸ்டனில் பால் ஸோல், மார்பின் மேல் தோலில் எலக்ட்ரோடு வைத்து ஷாக் கொடுத்து நோயாளிகளைக் காப்பாற்றினார். உயிர் பிழைத்தது நிஜம். ஆனால் தோல் வெந்தது, ஒவ்வொரு துடிப்புக்கும் மார்புத் தசை வெட்டி இழுத்தது.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு தொல்லை, சுவரில் இருக்கும் பிளக். வயர் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் உலகம். 1957 அக்டோபர் 31 அன்று மினியாபொலிஸ் நகரில் கரண்ட் போனது. அங்கே லில்லஹை என்ற அறுவை நிபுணர் பல குழந்தைகளுக்கு இதய ஆபரேஷன் செய்து, இப்படிப்பட்ட கருவிகளின் தயவில் வைத்திருந்தார். கரண்ட் போனால் என்ன ஆகும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிக் கருவிகளை ரிப்பேர் பார்க்க வந்துபோகும் எர்ல் பாக்கன் என்பவரிடம், பாட்டரியில் ஓடுகிற மாதிரி ஒன்று செய்ய முடியுமா என்று கேட்டார். ஒரு கராஜில் மெட்ரானிக் கம்பெனியை நடத்திக்கொண்டிருந்தவர் பாக்கன். "பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்" பத்திரிகையில், சங்கீதக்காரர்கள் தாளம் பார்க்க உதவும் மெட்ரோனோம் ஸர்க்யூட் ஒன்று வந்திருந்தது. அதை மாற்றியமைத்து, இரண்டு டிரான்ஸிஸ்டரோடு ஒரு சின்ன அலுமினியப் பெட்டியில் போட்டு, சுமார் நான்கு வாரத்தில் கொண்டுவந்தார். முதலில் நாய்க்கு வைத்துப் பார்த்தார்கள். மறுநாள் அவர் ஆஸ்பத்திரிக்குப் போனால், அது ஒரு குழந்தையின் படுக்கையில் வேலை செய்துகொண்டிருந்தது. நாமெல்லாம் பழைய பேப்பர் கடையில் தேடித்தேடி வாங்கிய ஹாபி பத்திரிகைகளை இனி யாரும் ஏளனம் பண்ண வேண்டாம்!

ஷூ பாலிஷ் டப்பாவில் வார்த்தது

அடுத்த படி, கருவியை உடம்புக்குள்ளேயே வைப்பது. ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்று 43 வயதுக்காரர். ஒரு நாளைக்கு 20, 30 தடவைகூட மயங்கி விழுந்துகொண்டிருந்தார். அவர் மனைவி எல்ஸெ மரீ, கரோலின்ஸ்கா ஆஸ்பத்திரியின் ஓகே சென்னிங் என்ற அறுவை நிபுணரையும், ரூனே எல்ம்க்விஸ்ட் என்ற இன்ஜினியரையும் விடாமல் துரத்தினார். "மனுஷனுக்கு வைக்கிற அளவுக்கு எங்ககிட்ட ஒண்ணும் தயாரா இல்லை" என்பது அவர்கள் தரப்பு. அப்படியானால் தயார் பண்ணுங்கள் என்பது அந்த அம்மாள் தரப்பு. அம்மாள் தரப்பே ஜெயித்தது.

எல்ம்க்விஸ்ட் இரண்டு டிரான்ஸிஸ்டர் கொண்ட ஒரு ஸர்க்யூட்டை, வெளியிலிருந்தே சார்ஜ் ஏற்றக்கூடிய நிக்கல் காட்மியம் செல்லோடு சேர்த்து, எபாக்ஸியில் வார்த்தார். அச்சு எது தெரியுமா? ஷூ பாலிஷ் டப்பா! 1958 அக்டோபர் 8 அன்று வைத்தார்கள். சில மணி நேரத்தில் நின்றுவிட்டது. கைவசம் இருந்த இரண்டாவதை வைத்தார்கள். அதுவும் ரொம்ப நாள் ஓடவில்லை. ஆனாலும் லார்சன் பிழைத்தார். வாழ்நாளில் மொத்தம் 26 பேஸ்மேக்கர் மாற்றிக்கொண்டு, 2001 டிசம்பரில், 86 வயதில், இதயத்துக்குச் சம்பந்தமே இல்லாத புற்றுநோயில் காலமானார். எல்ம்க்விஸ்ட் 1996-லும் சென்னிங் 2000-லும் போய்விட்டார்கள். தன்னைக் காப்பாற்றியவர்கள் இருவரையும்விட நோயாளி அதிக காலம் வாழ்ந்தார்.

அதே 1958-ல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் வில்சன் கிரேட்பாட்ச் என்ற இன்ஜினியர், சார்டாக் என்ற டாக்டரோடு சேர்ந்து நாயின் இதயத்தை ஓட்டிக் காட்டினார். இந்த ஸர்க்யூட் பிறந்த கதை நம் லேப் கதை மாதிரியே இருக்கும். இதய ஒலியைப் பதிவு செய்ய ஒரு ஆஸிலேட்டர் கட்டிக்கொண்டிருந்தார். 10 கிலோ ஓம் ரெஸிஸ்டர் போட வேண்டும், அதாவது பிரவுன், பிளாக், ஆரஞ்ச். கை எடுத்தது பிரவுன், பிளாக், கிரீன். அது 1 மெகா ஓம். ஸர்க்யூட் ஒரு சின்னத் துடிப்பு கொடுத்தது, ஒரு செகண்ட் சும்மா இருந்தது, மறுபடி துடித்தது. மற்றவர் என்றால் திட்டிக்கொண்டே கழற்றியிருப்பார். இவர் அது இதயத்தின் தாளம் என்று கண்டுகொண்டார். 1960-ல் இவர்கள் கருவி மனிதர்களுக்குள் போனது.

காது இல்லாத கருவி

இனித்தான் முக்கியமான விஷயம். மேலே சொன்ன கருவிகள் எல்லாம், பாக்கனுடையது, எல்ம்க்விஸ்டுடையது, கிரேட்பாட்சுடையது எல்லாமே, ஒரே ரகம். தாங்கள் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருக்கும். இதயம் என்ன செய்கிறது என்று பார்க்கவே பார்க்காது. இத்தனைக்கும் எல்ம்க்விஸ்ட் அதற்கு முன்பே ஈ.ஸி.ஜி.யை மை பீய்ச்சி எழுதும் நல்லதொரு கருவியைச் செய்து பேர் வாங்கியவர். இதயத்தைக் கேட்கும் இயந்திரமும் அவர் கையில் இருந்தது, இதயத்துக்கு ஆணையிடும் இயந்திரமும் அவர் கையில் இருந்தது. இரண்டையும் உடம்புக்குள் ஒன்றாக வைக்கிற அளவுக்கு அன்றைய பாகங்கள் சிறுக்கவில்லை.

கேட்காவிட்டால் என்ன என்கிறீர்களா? ரிலே முழுக்கச் செத்துப்போனவருக்குப் பரவாயில்லை. ஆனால் பலருக்கு அந்த ரிலே மின்வாரியம் மாதிரி. போகும், வரும், மறுபடி போகும். வந்திருக்கிற நேரத்தில் இதயம் தானாகவே துடிக்கும், கருவியும் தன் பங்குக்கு அடிக்கும். ஒரு வண்டிக்கு இரண்டு டிரைவர். இதில் வெறும் குழப்பம் மட்டும் இல்லை, ஆபத்தும் இருக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் கீழ் அறைத் தசை அடுத்த துடிப்புக்குத் தயாராகும் ஒரு குறுகிய நேரம் உண்டு. ஈ.ஸி.ஜி.யில் டி அலை என்று வருமே, அந்த இடம். சரியாக அந்த நேரத்தில் ஒரு மின்துடிப்பு விழுந்தால், இதயம் ஒழுங்கு தவறி வெறுமனே நடுங்க ஆரம்பிக்கலாம். ரத்தம் வெளியே போகாது. சில நிமிஷத்தில் உயிர் போகும். காப்பாற்ற வைத்த கருவியே எமனாகிவிடும்.

பெர்கோவிட்ஸ் வைத்த காது

இந்த இடத்தில் வருபவர்தான் பாரூக் பெர்கோவிட்ஸ். செக்கோஸ்லோவாகியாவில் பிறந்து அமெரிக்கா போன இன்ஜினியர். அமெரிக்கன் ஆப்டிகல் என்ற கம்பெனியில் வேலை. 1964-ல் அவர் கொண்டுவந்ததுதான் டிமாண்ட் பேஸ்மேக்கர். தேவைப்பட்டால் மட்டும் துடிப்பு கொடுப்பது, இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டிருப்பது.

தத்துவம் எளிமை. இதயத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் அதே வயரில், இதயத்தின் சொந்த மின்சாரமும் திரும்பி வருகிறது அல்லவா? அதைப் பெருக்கிக் கேள். உள்ளே ஒரு டைமர். நிமிஷத்துக்கு 60 என்று வைத்திருந்தால் 1,000 மில்லி செகண்ட். 800-வது மில்லி செகண்டில் இதயம் தானே துடித்துவிட்டதா? டைமரை பூஜ்யத்துக்குக் கொண்டுபோ, அடிக்காதே. 1,000 ஆகியும் சத்தமில்லையா? அப்போது அடி. அடித்த பிறகும் பூஜ்யத்திலிருந்து எண்ணு. அவ்வளவுதான் சமாசாரம்.

படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. மைக்ரோ கன்ட்ரோலரில் வாட்ச்டாக் டைமர் என்று ஒன்று படிக்கிறீர்களே, புரோகிராம் உயிரோடு இருக்கும்வரை அதை ரீசெட் செய்துகொண்டே இருக்கும், ரீசெட் வராவிட்டால்தான் அது குரைக்கும். அதேதான் இது. இங்கே புரோகிராம் என்பது இதயம்.

என் பெரியப்பாவுக்கு பேஸ்மேக்கர் வைத்து ஆறு மாதம் கழித்து செக்கப்புக்கு அழைத்துப் போயிருந்தேன். மார்பின் மேல் ஒரு வட்டை வைத்து, கருவியோடு ரேடியோவில் பேசி, கம்ப்யூட்டரில் கணக்கு எடுத்தார்கள். மொத்தத் துடிப்பில் 12 சதவீதம்தான் கருவி கொடுத்தது, மீதியெல்லாம் இதயமே துடித்தது என்றார் டாக்டர். பெரியப்பாவுக்கு வந்ததே கோபம். "ஏம்ப்பா, அவ்வளவு காசு குடுத்து வச்சிருக்கு, நூத்துக்கு எம்பத்தெட்டு நேரம் சும்மாவா கெடக்குது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "பெரியப்பா, வாட்ச்மேன் திருடனைப் பிடிச்ச நாளுக்கு மட்டுமா சம்பளம் குடுக்கறோம்?" என்றேன். பாதி சமாதானம் ஆனார். இந்தக் கட்டுரைக்குத் தலைப்பு கொடுத்தவர் அவர்தான்.

கேட்டதெல்லாம் இதயமா?

காது வைத்தால் மட்டும் போதாது. யார் குரல் என்று பிரித்தறிய வேண்டும். இதயத்தின் கீழ் அறைக்குள்ளிருந்து வரும் சிக்னல் 5 முதல் 20 மில்லி வோல்ட் இருக்கும். மேல் அறைக்குள் ஒன்றிரண்டு மில்லி வோல்ட்தான். பக்கத்திலேயே மார்புத் தசை இருக்கிறது, கையை அசைத்தால் அதுவும் மின்சாரம் உண்டாக்கும். வெளியே மின்கம்பி, மோட்டார், வெல்டிங் மெஷின். இதில் எதையாவது இதயத்துடிப்பு என்று கருவி நம்பிவிட்டால்? "ஆஹா, துடித்துவிட்டது" என்று சும்மா இருந்துவிடும். இதயமோ நின்றுபோயிருக்கும். காது இல்லாத கருவி வேண்டாத நேரத்தில் அடித்தது. காது உள்ள கருவி வேண்டிய நேரத்தில் அடிக்காமல் போகலாம். இரண்டாவது ஆபத்தை, முதல் ஆபத்துக்கு மருந்து தேடிய நாமே கொண்டுவந்தோம்.

இதற்கு இன்ஜினியர்கள் ஒவ்வொன்றாகப் பூட்டு போட்டார்கள். முதல் பூட்டு ஃபில்டர். கீழ் அறையின் கூர்மையான அலை பெரும்பாலும் 10 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். டி அலை அதைவிட மெதுவானது, தசை ஓசை அதைவிட வேகமானது. நடுவில் உள்ளதை மட்டும் விடு. இரண்டாவது, ஒரு துடிப்பைக் கேட்டதும் சுமார் கால் செகண்ட் காதை மூடிக்கொள். ஒரே துடிப்பை இரண்டாக எண்ணாமல் இருக்க. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. இதயத்தால் முடியாத வேகத்தில் தொடர்ந்து இரைச்சல் வந்தால், அதை நம்பாதே. கேட்பதை நிறுத்திவிட்டு, பழைய காலத்துக் கருவி மாதிரி ஒரே தாளத்தில் அடி. அதாவது சந்தேகம் வந்தால் நோயாளி பக்கம் சாய்ந்துகொள்.

இந்த இடத்தில் பாட்டரியும் கதைக்குள் வருகிறது. பழைய மெர்க்குரி செல் வாயுவை வெளியிடும். ஆகையால் கருவியை அடைத்து மூட முடியாமல் எபாக்ஸியில் வார்த்தார்கள், ஈரம் உள்ளே கசிந்தது. இரண்டு வருஷம் போனாலே பெரிது. அதே கிரேட்பாட்ச் பிறகு லித்தியம் அயோடின் செல்லில் இறங்கினார். 1972-ல் அது மனித உடம்புக்குள் போனது. அதில் வாயு இல்லை. ஆகவே டைட்டானியம் கூட்டுக்குள் வைத்து வெல்டு செய்ய முடிந்தது. உலோகக் கூடு ஈரத்தையும் தடுத்தது, வெளி இரைச்சலையும் தடுத்தது.

1974-ல் பேஸ்மேக்கர் ரகங்களுக்கு மூன்றெழுத்துப் பெயர் வைக்கும் முறை வந்தது. முதல் எழுத்து எந்த அறையை அடிக்கிறது, இரண்டாவது எந்த அறையைக் கேட்கிறது, மூன்றாவது கேட்டபின் என்ன செய்கிறது. பழைய கருவி வி.ஓ.ஓ. நடு எழுத்து ஓ, அதாவது காது இல்லை. பெர்கோவிட்ஸ் ரகம் வி.வி.ஐ. கீழ் அறையை அடிக்கும், கீழ் அறையைக் கேட்கும், கேட்டால் அடங்கும். உங்கள் வீட்டுப் பெரியவரின் பேஸ்மேக்கர் சீட்டில் அல்லது டிஸ்சார்ஜ் சம்மரியில் இந்த எழுத்துகள் இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

செலவுக் கணக்கு

ஃபார்முலா வேண்டாம் என்றார் அண்ணன். ஒரே ஒரு கணக்கு மட்டும். துடிப்பு 2.5 வோல்ட், 0.4 மில்லி செகண்ட், இதயத்தின் தடை 500 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கரண்ட் 5 மில்லி ஆம்பியர். ஒரு துடிப்புக்கு 5 மைக்ரோ ஜூல். எல்லாத் துடிப்பையும் கருவியே கொடுத்தாலும் ஒரு வருஷத்துக்கு 0.02 ஆம்பியர் ஹவர்தான் ஆகிறது. 1 ஆம்பியர் ஹவர் பாட்டரி 50 வருஷம் வர வேண்டாமா? நிஜத்தில் பத்துப் பன்னிரண்டு வருஷம் வந்தாலே சந்தோஷம். மீதி எங்கே போகிறது? வோல்டேஜ் ஏற்றும் ஸர்க்யூட்டில் கொஞ்சம் நஷ்டம். ஆனால் பெரும்பங்கு ராப்பகலாகக் கேட்டுக்கொண்டிருப்பதற்கும், எண்ணுவதற்கும், முடிவெடுப்பதற்கும், குறித்து வைப்பதற்கும். இப்படி அளவாக வைத்த கருவியில் பேசுவதைவிடக் கேட்பதற்குத்தான் செலவு ஜாஸ்தி. பெரியப்பா காசு கொடுத்தது இதற்குத்தான்.

மாடியும் கீழும்

பிற்பாடு கருவி இன்னும் நன்றாகக் கேட்கப் பழகியது. 1970-களின் கடைசியில் வந்த டி.டி.டி. ரகம் மேல் அறை, கீழ் அறை இரண்டையும் கேட்கும். மேலே துடித்ததும் இயற்கை கொடுக்கும் அதே தாமதத்தைக் கொடுத்து, கீழே வராவிட்டால் மட்டும் அடிக்கும். தவாராவின் ரிலேயை ஸர்க்யூட்டில் கட்டிவிட்டார்கள்! மேல் அறையே தாறுமாறாக 300 வேகத்தில் ஓடினால், அதைக் கீழ் அறைக்குக் கடத்தக் கூடாது என்றும் சொல்லிக்கொடுத்தார்கள். 1980-களில் இன்னொரு குறை தீர்ந்தது. மாடி ஏறினாலும் 70, தூங்கினாலும் 70 என்று இருந்ததை மாற்ற, உடம்பின் அசைவை உணரும் பீஸோ கிரிஸ்டலை உள்ளே வைத்தார்கள். நடந்தால் வேகம் கூடும், உட்கார்ந்தால் குறையும்.

2013-ல் மைக்ரா என்ற வயரே இல்லாத பேஸ்மேக்கரை முதன்முதலாக மனிதருக்கு வைத்தார்கள். எடை சுமார் 2 கிராம். தொடை ரத்தக்குழாய் வழியாகக் கொண்டுபோய் இதயத்துக்குள்ளேயே மாட்டிவிடுகிறார்கள். 2020-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அதன் அடுத்த ரகம், கீழ் அறையில் இருந்துகொண்டே மேல் அறை சுருங்கும் அசைவை உணர்ந்து அதற்குத் தக்கபடி அடிக்கிறது. பக்கத்து வீட்டுக் காலடிச் சத்தத்தை வைத்து நேரம் சொல்வது மாதிரி.

நண்பர்களே, நம்மில் பலர் இன்று தானியங்கி இயந்திரங்கள் செய்கிறோம். இன்றைய மாணவர்கள் இன்னும் புத்திசாலியான இயந்திரங்கள் செய்யப்போகிறீர்கள். என் அனுபவத்தில், செய்ய வைப்பது சுலபம். கட்டுப்படுத்தப்படும் பொருள் நன்றாக இருக்கும்போது குறுக்கிடாமல் இருக்க வைப்பதுதான் கஷ்டம். டிஸைன் ரிவ்யூவில் "இது என்னென்ன செய்யும்?" என்று எல்லோரும் கேட்பார்கள். "இது எப்போது சும்மா இருக்கும்? தப்பாகக் கேட்டுவிட்டால் யார் பக்கம் சாயும்?" என்று நீங்கள் கேளுங்கள். பேஸ்மேக்கரில் இந்த இரண்டு கேள்விக்கும் விடை கிடைக்கும் முன் நோயாளிகள்தான் அந்த ஆபத்தைச் சுமந்தார்கள்.

கடைசியாக, வீட்டில் பேஸ்மேக்கர் வைத்தவர் இருந்தால் சில விஷயங்கள். மொபைலைச் சட்டையின் அந்தப் பக்கத்துப் பையில் வைக்க வேண்டாம், கருவியிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும். காந்தம் பக்கத்தில் வந்தால் பெரும்பாலான பேஸ்மேக்கர்கள் கேட்பதை நிறுத்திவிட்டு வி.ஓ.ஓ. மாதிரி அடிக்கத் தொடங்கும். ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர்களே வேண்டுமென்று அப்படிச் செய்வதுண்டு, நாம் செய்யக் கூடாது. ஸ்கேன் எடுக்கப் போனால் முதலில் கருவி சீட்டைக் காட்டுங்கள், எல்லா ரகமும் எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றதல்ல. செக்கப் தேதியைத் தவறவிடாதீர்கள். பாட்டரி தீரும் முன்பே கருவி சொல்லிவிடும், அதைக் கேட்க நாம் போக வேண்டும்.

ரெஸிஸ்டர் கலர் கோடு மறந்துபோன சீனியர்கள், சந்திப்பு நாளன்று எலக்ட்ரானிக்ஸ் லேப் பக்கம் வாருங்கள். மாணவர்கள் சொல்லித் தருவார்கள்.